நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நாவலின் பெயரைச் சொல்ல
எனக்கு இன்னும் அனுமதியில்லை.

எழுதியவர் நிபாரண் பாக்சி,
பரிசாலில் கணக்கு வாத்தியார்.
பையன்களின் பழைய பரீட்சைத் தாள்களைத் திருப்பிப்போட்டு
பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.
கதாநாயகி அழுகிற இடங்களில்
தாளுக்கு அந்தப்புறமிருந்து
யாரோ ஒரு பையனின் தப்பான வகுத்தல்
மங்கலாகத் தெரியும்.

நான் துர்காபத சோம்.
சர்க்கார் மொழிபெயர்ப்பாளன், மூன்றாம் நிலை.
சம்பளம் அறுபது ரூபாய்.
கறுப்பு மை தாராளம், சிவப்பு மை கணக்கோடு:
ஆட்சேபத்துக்குரிய வரிகளுக்கு அடியில்
கோடு இழுக்க.

கல்கத்தாவில் அந்த மழைக்காலம் முழுக்க
மாடிக் கூரை ஒழுகும் அறையில்
அவர் வங்காளத்தை இங்கிலீஷாக்கிக்கொண்டிருந்தேன்.
ஆறு ஆறாகவே வந்தது.
படகு படகாக.
தாய் என்ற சொல் வந்தபோதெல்லாம்
மேலதிகாரி எட்டிப் பார்த்தார்,
"எந்தத் தாய்?" என்று கேட்டார்.
"சமைக்கிறவள் ஐயா" என்றேன்.
பாதிதான் பொய்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
சரசிபாலா புருஷனுக்குச் சோறு போடுகிறாள்.
கடையில் மலிவென்று
லிவர்பூல் உப்பு வாங்கி வந்துவிட்டான் அவன்.
பொட்டலத்தை அவள் பிரிக்கவேயில்லை.
உப்பில்லாத பருப்பு, உப்பில்லாத மீன்,
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு
விசிறிக்கொண்டிருக்கிறாள்.
விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அது ஊடல்.
அந்தச் சொல்லின் முன்
பேனாவைக் கீழே வைத்தேன்.
மூன்று அகராதி புரட்டினேன்.
பிரியமில்லாதவனிடம் ஒருத்தி
அப்படி முகம் திருப்பமாட்டாள் என்பதை
எந்த அகராதியும் கேள்விப்பட்டிருக்கவில்லை.
மணி நாலரை.
கோப்பு ஐந்துக்குப் போயாகவேண்டும்.
'கோபம்' என்று எழுதினேன்.

சட்டப்பிரிவு கேட்டதும் அவ்வளவுதான்:
சர்க்கார்மேல் பிரியமின்மை.

நீதிமன்றத்தில் வக்கீல் என் தாளை உயர்த்திப் பிடித்து
"இந்தப் பெண்ணின் கோபம் யார்மேல்?" என்றார்.
கூண்டில் நின்ற நிபாரண் பாபு
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
"எந்தப் பெண்?" என்று கேட்டார்.
நடிக்கவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.
இரண்டரை வருஷம், செக்கிழுக்கும் தண்டனை.
அச்சடித்த ஆயிரத்து நூறு பிரதிகளும்
வகுத்தல் கணக்குகளும்
போலீஸ் மைதானத்தில் எரிந்தன.

விடுதலையாகி ஏழெட்டு நாளில்
பவானிபூரில் என் வீடு தேடி வந்தார்.
குடை கிழிந்திருந்தது, இடது கால் இழுத்து நடந்தார்.
என்னைத் திட்ட வரவில்லை.
"முழுசாக மிச்சமிருப்பது
உங்களிடம் மட்டும்தானாமே?
ஒரு தடவை படித்துவிட்டுத் தருகிறேன்."

அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்தோம்.
தன் கதையை அந்நியன் கடிதம்போல
விரல் வைத்துப் படித்தார்.
ஓரிடத்தில் சிரித்தார். நான் சேர்த்த வரி அது.
படகோட்டி சாகும் இடத்தில்
"இவனை நான் சாகவிட்டேனா?" என்றார்.
என் மனைவி கொண்டுவந்த லூச்சியைத் தின்றார்,
இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றார்.

நூற்றுப் பன்னிரண்டு வந்தது.
நான் எழுந்துபோய்
மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடினேன்.
பேனா கீறுகிற சத்தம் கேட்டது.
ஒரே ஒரு கீறல்.
அதற்குப் பிறகு எழுதுகிற சத்தம் வருமென்று
காத்து நின்றேன், வரவில்லை.

"சொத்து சர்க்காருடையது" என்று நான் சொல்ல,
தலையாட்டிவிட்டு
மழையில் இறங்கிப் போனார்.

காலையில் எண்ணிப் பார்த்தேன்.
ஒரு தாள் குறைந்தது.
ஆண்டுக் கணக்கெடுப்பில்
பக்கம் 112 என்று போட்டு
எதிரே, நல்ல இங்கிலீஷில்,
கறையான் அரித்தது என்று எழுதினேன்.
இந்த முறை
அகராதி தேவைப்படவில்லை.